மடியில் அடங்காத படம்

நூலக வாசலில் நின்று ஒரு பெண் தன் சேலை மடியை அவிழ்த்து உதறிக் காட்டினார். மாலை ஐந்தரை மணி இருக்கும். மேற்கே மலையின் தலையில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. மடியிலிருந்து ஒரு நூல்கண்டும் நாலைந்து குண்டூசிகளும் வெள்ளை அட்டைத் துண்டு ஒன்றும் விழுந்தன. வேறொன்றும் இல்லை. உதறச் சொன்னவன் நான். பக்கத்தில் இரண்டு மாணவிகள் செருப்பு மாட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போடியில் பிறந்தவர்களுக்கு இந்த உதறலை விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கிவரும் ஏலக்காயை நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரிக்கும் வேலை இங்கே பெண்களுடையது. நாள் முழுவதும் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்து பொறுக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது, காய் எதையும் ஒளித்துக்கொண்டு போகவில்லை என்று காட்ட, வாசலில் நின்று மடியை ஒருமுறை உதறிவிட்டுப் போவார்கள். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகச் செய்யும். என் அப்பா சிறிய கிட்டங்கி ஒன்று வைத்திருந்தார். வாசலோரம் நாற்காலி போட்டு, செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, பார்க்காதது போலப் பார்ப்பார். அதில் அவமானம் இருக்கிறது என்ற நினைப்பே எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. நான் எம்.ஏ. படித்தேன், நூலக அறிவியலில் பட்டம் வாங்கினேன், ஏலக்காய் வாசனையே இல்லாத வேலைக்குப் போனேன். அப்பாவின் நாற்காலியையும் கூடவே எடுத்துப் போயிருக்கிறேன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் நூலகராக இருந்தது ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருந்த ஒரு சமுதாயக் கல்லூரியில். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும், எஸ்டேட் லயங்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கும் தையல், கணினி, நோயாளி பராமரிப்பு என்று ஓராண்டுப் படிப்புகள் நடந்தன. புதிதாக வந்த முதல்வர் அம்மையாருக்கு நூலகம் காலியாகக் கிடப்பது பிடிக்கவில்லை. "படம் பாக்கவாவது உள்ள வரட்டும் சார்" என்றார். அன்றிலிருந்து மாதம் ஒரு கண்காட்சியோ கலைநிகழ்ச்சியோ வாசிப்புக் கூடத்தில் நடந்தது. ஒரு மாதம் மாணவர்களின் வண்ண ஓவியங்கள், ஒரு மாதம் கும்மி, ஒரு மாதம் மலைமேலிருந்து வந்த பிள்ளைகள் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகத் தாங்களே எழுதி வாசித்த கவிதைகள். எனக்கு எல்லாவற்றின் மீதும் சந்தேகம். ஓவியத்தைக் காலண்டரைப் பார்த்துப் போட்டிருப்பார்களோ என்று தோன்றும். நன்றாக இருந்த கவிதையை எங்கிருந்து எடுத்தாள் என்று தேடுவேன். கூட்டம் படத்துக்கு வந்ததா, மின்விசிறிக்கு வந்ததா என்று முகங்களைப் பார்த்து எடை போடுவேன். வருகிறவர்கள் பைகளை வாசலிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்பது நான் போட்ட சட்டம்.

எனக்கு உதவியாளராக இருந்தவரை மாணவர்கள் லைப்ரரி அக்கா என்று கூப்பிடுவார்கள். குரங்கணிப் பக்கத்துக்காரர். பல வருடம் ஏலக்காய் பொறுக்கிவிட்டு, எங்கள் கல்லூரியிலேயே கணினி படித்து, ஒப்பந்த வேலையில் சேர்ந்தவர். கண் கணக்கு அபாரம். சுவரில் இருபது படங்களை மாட்டினால் அளவுகோல் வைக்காமலே எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். கண்காட்சிகள் என் பெயரில் நடந்தன. நடத்தியவர் அவர்தான்.

ஒருமுறை மலைத் தோட்டங்களின் பழைய புகைப்படங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கிக் கண்காட்சி வைத்தோம். எங்கள் நூலகத்துக்குப் புத்தக அலமாரிகள் செய்துகொடுத்த எஸ்டேட் முதலாளியும் ஒரு படம் தந்தார். சட்டமிட்ட கருப்பு வெள்ளைப் படம், ஒரு முழம் நீளம் இருக்கும். நடுவில் அவருடைய அப்பா நாற்காலியில் அமர்ந்திருப்பார். காலடியில் பெரிய நாய் ஒன்று. பின்னால் இரண்டு வரிசையாகக் காய் பறிக்கும் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், இடுப்பில் சாக்குக் கட்டிக்கொண்டு. முதலாளி சொன்ன விவரங்களைக் கேட்டு விளக்க அட்டையை நானே எழுதினேன். உதவியாளர் அதை நூலில் கோத்துக் கட்டும்போது ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நாய்க்குப் பேரு போட்டிருக்கீக சார்."

"அவரு சொன்னாரு, எழுதினேன்."

"பின்னாடி நிக்கிறவுகளுக்கும் பேரு உண்டு. எனக்கு முக்காவாசிப் பேரத் தெரியும். சொல்றேன், எழுதுறீகளா?"

"அட்டையில் இடமில்லைம்மா" என்றேன். இடம் இருந்தது.

அப்போதுதான் அவர் கேட்டார். "எங்க ஆத்தாவும் இதுல நிக்கிது சார். அது செத்தப்போ மாட்டி வைக்கக்கூட ஒரு போட்டா இல்ல. இத ஒரு காப்பி எடுத்துக்கிறலாமா?" நகலெடுக்கும் இயந்திரம் என் மேசையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. கடன் வாங்கிய பொருள், முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் கேட்கவில்லை. அவருடைய அம்மா எந்த இடத்தில் நிற்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை. இந்தப் படத்தின் மேல் இவருக்கு ஒரு கண் இருக்கிறது என்று மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் முதலாளி தன் விருந்தினர்களோடு வந்தார். அந்த நேரம் உதவியாளர் அந்தப் படத்தின் முன் நின்று தையல் வகுப்புப் பெண்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தா, கன்னத்துல கை வச்சிருக்குல்ல, அது மெட்டு ரோட்டுல லோடு ஜீப்பு உருண்டப்போ போச்சு. ஏலக்கா மூட்டைக்கு மேல உக்காத்தி வச்சுக் கூட்டியாந்தாக. மூட்டையெல்லாம் வந்து சேந்துருச்சு." பெண்கள் கிட்டே நெருங்கி அந்த முகத்தைப் பார்த்தார்கள். முதலாளியும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். என்னிடம் "நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று மாலை கூடத்தைப் பூட்டப் போனபோது அந்தப் படம் மட்டும் சுவரில் இல்லை. வெறும் ஆணி இருந்தது.

மனம் எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாளில் கூடத்துக்குள் வந்துபோனவர்கள் நூறு பேருக்குக் குறையாது. அதில் ஒருவரைக்கூட நான் நினைக்கவில்லை. நகல் கேட்டவர், கொடுக்கவில்லை, எடுத்துவிட்டார். மூன்று வரியில் வழக்கு முடிந்தது. நான் வாசலுக்குப் போனபோது அவர் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். பையைக் கவிழ்க்கச் சொன்னேன். சாப்பாட்டுத் தூக்கும் குடையும் விழுந்தன. பிறகு, யோசிக்காமல், என் அப்பாவின் குரலிலேயே சொன்னேன்: "மடிய உதறிட்டுப் போ."

அவர் என்னைப் பார்த்தார். "சார், அது ஒரு மொழம் நீளம். மடியில எங்கிட்டு வைக்க?"

அவர் சொன்னது சரி என்பதாலேயே எனக்குக் கோபம் வந்தது. "உதறும்மா" என்றேன். அவர் உதறினார். கீழே விழுந்தவற்றைக் குனிந்து பொறுக்கி, நூல்கண்டையும் குண்டூசிகளையும் அட்டைத் துண்டையும் என் கையில் கொடுத்தார். "இது காலேஜ் சாமான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. வராமல் போனதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். பொருட்கள் விஷயத்தில் இவரை நம்ப இயலவில்லை என்று முதல்வருக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டேன். ஒப்பந்தம் அதோடு நின்றது.

கண்காட்சி முடிந்ததும், படம் தொலைந்ததற்கு மன்னிப்புக் கேட்க முதலாளி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தால் அந்தப் படம் அவருடைய கூடத்துச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து அவரே சொன்னார்: "டிரைவர விட்டு எடுத்துட்டு வரச் சொன்னேன். அந்தப் பொம்பள கண்டபடி கதை சொல்லிக்கிட்டு நின்னா. எங்கப்பா பேரு என்னத்துக்காகுறது? ஏன், தேடுனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு அரை நொடி ஆகவில்லை. அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன். இன்னும் இரண்டு அலமாரி தருவதாகச் சொன்னார், நன்றி சொன்னேன். திரும்பி வந்து முதல்வரிடம் நான் எழுதிய வரியைத் திருத்தியிருக்கலாம். திருத்தினால் முதலாளி பெயரைச் சொல்ல வேண்டும், என் பெயரையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். இருந்து இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கண்காட்சிகள் அதன்பிறகும் நடந்தன. படங்கள் கோணலாகத் தொங்கின. யாரும் நின்று கதை சொல்லவில்லை, கேட்டவர்களும் இல்லை.

முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். போடிமெட்டுக்கு மேலே இருந்த அவர்களுடைய பங்களாவை அவர் மருமகள் சுற்றுலா விடுதியாக மாற்றிக்கொண்டிருக்கிறார். பழைய புத்தகங்களில் எது தேறும் என்று பார்த்துச் சொல்லும்படி போன மாதம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஜீப்பில் போனேன். சாமான் அறையில் புத்தகங்களுக்குப் பின்னால் அந்தப் படம் இருந்தது. நகலெடுத்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். "தாராளமா எடுத்துக்குங்க அங்கிள்" என்றார் அந்தப் பெண். இவ்வளவு சுலபமான ஒரு கேள்வியை நான் அத்தனை வருடம் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

போடியில் உள்ள ஸ்டுடியோக்காரர் எந்த முகத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று கேட்டார். முன்வரிசையில் நெற்றி அகன்ற, மூக்குத்தி போட்ட ஒரு பெண். உதவியாளரின் அதே முகவெட்டு என்று எனக்குத் தோன்றியது. அந்த முகத்தைத் தனியே வெட்டிப் பெரிதாக்கி, நல்ல சட்டம் போட்டு வாங்கினேன். மூலப் படத்தை மருமகளிடம் திருப்பிக் கொடுத்தேன். மனம் லேசானது போல இருந்தது. அந்த லேசின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

உதவியாளர் இப்போது குரங்கணிப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த நேரம். சுவர் முழுக்க அவர்கள் கிறுக்கிய படங்கள், ஒரே கோட்டில், ஒவ்வொன்றின் கீழும் கொட்டை எழுத்தில் பெயர். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார். இந்த வெயில்ல எதுக்கு இம்புட்டுத் தூரம்? வெரசா உள்ள வந்து உக்காருங்க."

நான் உட்காராமலே சொன்னேன். படம் எங்கே இருந்தது, அது தெரிந்த பிறகும் நான் என்ன சொன்னேன், என்ன சொல்லாமல் விட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தூங்கும் ஒரு பிள்ளைக்கு விசிறிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார். டிரைவரு எங்க மாமன் மகன். அவரு கழட்டும்போது நான்தான் ஸ்டூலப் பிடிச்சுக்கிட்டேன். மொதலாளி உங்ககிட்ட சொல்லிருப்பாருன்னு நெனச்சேன்."

"அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே அம்மா."

"மடிய உதறச் சொன்னப்பதான் உங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுச்சு. சொன்னா நீங்க நேரா மொதலாளியக் கூப்பிட்டு விசாரிப்பீக. நான் அனுப்பவே இல்லன்னு மொதலாளி சொல்லிட்டாருன்னா டிரைவரு சோலி போயிரும். மூணு பிள்ள அவருக்கு." விசிறியைக் கை மாற்றிக்கொண்டு, "நீங்க என்னய நம்பவா போறீக?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒருவரைக் காப்பாற்ற அவர் வாயை மூடியிருந்தார். நானும் மூடியிருந்தேன். அதற்கு மேல் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பையிலிருந்து படத்தை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, அவர் கையில் கொடுத்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது எங்க ஆத்தா இல்லையே சார்."

நான் கிட்டே போய் அந்த முகத்தை மறுபடி பார்த்தேன்.

"இது பக்கத்து லயத்துச் சின்னாத்தா, எனக்குச் சித்தி மொற. எங்க ஆத்தா பின் வரிசையில, ஓரத்துல நிக்கும். நல்ல குட்டை. முகம் பாதிதான் தெரியும்." சட்டத்துக்கு வெளியே, காற்றில், ஒரு சாண் தள்ளி விரலை வைத்துக் காட்டினார்.

நாளைக்கே மேலே போய் மறுபடி வாங்கி வருகிறேன் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீங்க அலைய வேணாம் சார். ஞாயித்துக்கிழமை நானே போயிக் கேட்டுக்கிறேன். எங்க ஆத்தா எதுன்னு எனக்குத்தான தெரியும்." படத்தைப் பழையபடி காகிதத்தில் சுற்றினார். "இத சின்னாத்தா மகன்கிட்ட குடுத்துர்றேன். அவன்கிட்டயும் போட்டா கெடையாது. கொண்டாந்ததுக்கு அவன் சந்தோசப்படுவான்."

கட்டுவதற்கு நூல் தேடினார். நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். முடிச்சுப் போட்டுவிட்டு, காகிதத்தின் மேல் அந்தச் சின்னாத்தாவின் பெயரை எழுதினார்.