மூணு பூதமும் ஒரு எச்-4 விசாவும்

என் மனைவிக்கு மூன்று பூதங்களைப் பிடித்திருந்தது. நான் நான்காவது. வாடகை கட்டுவது நான்தான் என்று ஒருமுறை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். "அதுக குகையில இருக்குதுங்க. வாடகை இல்லை" என்றாள்.

கலிபோர்னியாவில், பிளசன்டனில் எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து ரோட்டைத் தாண்டினால் ஒரு கடை வரிசை. காசு போட்டுத் துணி துவைக்கிற கடை, அதை ஒட்டி டோனட் கடை, அதையும் ஒட்டி ஒரு காமிக்ஸ் கடை. எங்கள் பில்டிங்கில் இருந்த வாஷிங் மெஷின் பாதி நாள் ரிப்பேர். அதனால் அவள் துணியைச் சுமந்துகொண்டு அங்கே போவாள். டிரையர் சுற்றி முடிகிறவரைக்கும் மற்ற பெண்கள் டோனட் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். இவள் காமிக்ஸ் கடைக்குள் போனாள். டோனட்டாக இருந்திருந்தால் எனக்கும் ரெண்டு கிடைத்திருக்கும்.

ஜப்பான்காரர் ஒருவர் வரைந்த கதை. இங்கிலீஷில் மாதம் ஒரு மெல்லிய புத்தகமாக வந்துகொண்டிருந்தது. கதாநாயகி கூலிக்குக் கொலை செய்கிறவள். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. அபூர்வமாக வாயைத் திறப்பாள், அதுவும் "சரி" என்பதற்காக இருக்கும். வேலை முடிந்ததும் மலைமேல் ஒரு குகைக்குப் போவாள். அங்கே அவளுடைய காதலர்கள். ஒன்றுக்கு ஆள் உடம்பு, ஆட்டுத்தலை. ஒன்று கிழிந்த இறக்கையோடு தலைகீழாகத் தொங்கும் ஒரு பெரிய வௌவால். மூன்றாவதை எப்படிச் சொல்வது, நனைந்த கோணிச்சாக்கில் யாரோ கண்களாகத் தைத்து வைத்த மாதிரி இருக்கும். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அதுமேலதாங்க அவளுக்கு ரொம்பப் பிரியம்" என்றாள் என் மனைவி.

கொலைகாரி வௌவாலின் இறக்கையைத் தைத்துவிடுவாள். ஆட்டுத்தலையின் கொம்பிடுக்கில் சிக்கின முள்ளை எடுப்பாள். சாக்கின்மேல் சாய்ந்து தூங்குவாள். இப்படிப் பூதங்களோடு குடித்தனம் நடத்துகிறாயே என்று யாராவது கேட்டால் பதில் சொல்லமாட்டாள். கேட்ட ஆள் அடுத்த பக்கத்தில் இருக்கமாட்டான்.

எங்கள் கதையில் கொலை இல்லை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கலர் லேபில் அவள் வேலை பார்த்தவள். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே கலர் வேண்டும் என்பான். அந்தக் கலரைக் கொண்டுவருவது அவள் பொறுப்பு. அவள் தலையாட்டாமல் அங்கே ஒரு கஜம் துணி தொட்டியில் இறங்காது. என்னைக் கல்யாணம் செய்துகொண்டு வந்ததில் அவளுக்குக் கிடைத்தது எச்-4 விசா. வேலை விசாவில் இருப்பவனின் மனைவி என்று அதற்கு அர்த்தம். சமைக்கலாம், துவைக்கலாம், ப்ரீவேயில் போகிற கார்களைப் பார்க்கலாம். சம்பளத்துக்கு வேலை மட்டும் செய்யக்கூடாது.

முதல் வருஷம் முடிவதற்குள் சொல்லிவிட்டாள். "நான் ஊருக்குப் போயி வேலையப் பார்க்கறனுங்க. முதலாளி எடம் இருக்குதுன்னு சொல்லியிருக்காரு." சண்டை இல்லை, அழுகை இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் நீயும் வேலைக்குப் போகலாம், ரெண்டு வருஷத்தில் வந்துவிடும் என்றேன். அந்தக் காலத்தில் எங்களில் யாரைக் கேட்டாலும் ரெண்டு வருஷம்தான். போன வருஷம் கேட்டாலும் அதேதான் சொல்லியிருப்போம். நீங்களும் என்னோடு வந்துவிடலாமே என்று அவள் கேட்டதற்கு, நடுவில் கம்பெனியை விட்டால் வரிசையில் மறுபடி கடைசியில் போய் நிற்கவேண்டும் என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். பயம் என்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அமெரிக்கா மாப்பிள்ளை என்பதற்காகத்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். அமெரிக்காவைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது முன்வழுக்கையும் கரூர் பஸ் ஸ்டாண்டு ஜோக்குகளும்தான்.

அந்தச் சமயத்தில்தான் கொலைகாரி வந்து சேர்ந்தாள். டிக்கெட் போடட்டுமா என்று நான் பயந்து பயந்து கேட்டபோது, என் மனைவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ஆட்டுத்தலையப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. அடுத்த புக்கு வரட்டும், என்னாச்சுன்னு பார்த்துட்டுப் போடலாமுங்க" என்றாள். அடுத்த மாதம் ஆட்டுத்தலை பிழைத்தது, வௌவாலுக்கு விஷம் வைத்தார்கள். அதற்கு அடுத்த மாதம் சாக்கைக் காணவில்லை. முகம் தெரியாத அந்த ஜப்பான்காரருக்கு நான் மனதுக்குள் கோயில் கட்டிக் கும்பாபிஷேகமும் செய்துவிட்டேன். மாதத்துக்கு ஒரு பூதம் ஆபத்தில் இருந்தால் போதும், என் மனைவி என்னோடு இருப்பாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. வார இறுதி பாட்லக்குகளில் ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக்கொண்டு வருவார்கள், நான் ஜோக்கைக் கொண்டுபோவேன். அங்கிள்கள் சோபாவிலிருந்து சரிந்து விழுவார்கள். சிரிக்காத ஒரே ஆள் என் வீட்டில் இருந்தாள். ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். பூதங்கள் மூன்றும் வாயே திறப்பதில்லை. ஒருவேளை அதுதான் ரகசியமோ என்று, ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பேசாமல் உட்கார்ந்தேன். சாக்கு மாதிரி கண்ணை மட்டும் உருட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வயிறு சரியில்லீங்களா? ஓமத்தண்ணி வெக்கட்டுமா?" என்று கேட்டாள்.

குடித்தேன்.

எங்களுக்குள் நடந்த ஒரே பெரிய வழக்கு கொலைகாரியின் கையைப் பற்றியது. அவள் வலது கையால் கத்தி வீசுவாள். குகைக்கு வந்து அதுகளுக்குச் சோறு ஊட்டுவது இடது கையால். எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் அப்படித்தான். நான் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இடது கையால சோறு போடறவளுக்கு என்ன பெரிய காதல்? நம்ம ஊர்ல பிச்சைக்காரனுக்குக்கூட அப்படிப் போடமாட்டோம்."

"வலது கையில ரத்தம் இருக்குதுங்க. அந்தக் கையாலயா ஊட்டுவா?"

"கழுவிக்கலாமில்ல?"

"கழுவினாப் போயிருமுங்களா?"

எதைக் கழுவினால் எது போகும் என்ற விஷயத்தில் சாயப்பட்டறைக்காரியிடம் வாய்கொடுக்க முடியாது. ஆனாலும் விடவில்லை. எனக்கு அதில் ஒரு ஆதாயம் இருந்தது. அந்தக் கொலைகாரியே அப்படி ஒன்றும் உருகிவிடவில்லை என்று தீர்ப்பு வந்தால், என் வீட்டில் எனக்குக் கிடைக்காததும் பெரிய நஷ்டமில்லை என்று ஆகிவிடும். ஒரு பாட்லக்கில் பஞ்சாயத்தே வைத்தேன். இடது கையில் பேப்பர் தட்டைப் பிடித்திருந்த அத்தனை ஆண்களும் என் கட்சி.

ஒரு சனிக்கிழமை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது பாத்ரூமுக்குள் வந்து, என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, புத்தகத்தை விரித்துக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள்.

"பாருங்க."

"என்னத்தைப் பார்க்க?"

"கடைக்காரர்கிட்டக் கேட்டனுங்க. ஜப்பான்ல புக்கு வலது பக்கமிருந்து ஆரம்பிக்குமாமா. இங்க இருக்கறவங்களுக்குத் தோதா இருக்கட்டும்னு படத்தையெல்லாம் அப்படியே திருப்பிப்போட்டு அச்சடிச்சிருக்கறாங்க. நெசத்துல அவ இப்படித்தான்."

கண்ணாடியில் கொலைகாரி சாக்குக்கு வலது கையால் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து விரலும் குவிந்து, ஒரு பருக்கை சிந்தாமல். கொல்வதுதான் இடது கை.

"நான் சொன்னனில்லீங்க" என்றாள்.

அவள் சொன்னது அது அல்ல. அவள் சொன்னது ரத்தக் கணக்கு. ஆனால் வழக்கில் தோற்றதாகவே ஒப்புக்கொண்டேன். கல்யாண ஆல்பத்தில், சிரிங்க சிரிங்க என்று போட்டோக்காரர் கெஞ்சியும் வராத முகம் அவளுக்கு அப்போது வந்திருந்தது. கண்ணாடியில் பாதிச் சவரத்தோடு ஒருவன் நின்றான். அவனுக்கு ஆட்டுத்தலை தேவலை.

அந்த வருஷத்துக் கடைசியில் ஒரு மாதம் புத்தகம் வரவில்லை. கடைக்காரர் தாடியை நீவிக்கொண்டு, பதிப்பாளர் நிறுத்திவிட்டார், விற்பனை போதவில்லை என்று என்னிடம் சொன்னார். இந்தக் கடையில் வாங்கியது உன் மனைவியும் ஒரு பல் டாக்டரும்தான் என்றார். நானே மாதம் பத்துப் பிரதி வாங்கிக்கொள்கிறேன், கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் சிரித்தார். ஜோக் என்று நினைத்துவிட்டார்.

வீட்டில் அவள் தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"வரலீங்களா?"

"இனிமே வராதாம். நிறுத்திட்டாங்க."

"சரி" என்றாள். தோசையைத் திருப்பினாள்.

மறுவாரம் லீவு போட்டுவிட்டு சான் பிரான்சிஸ்கோ போனேன். ஜப்பான்காரர்கள் கடைகள் இருக்கிற பகுதியில் ஒரு புத்தகக் கடை. அங்கே அந்தக் கதை முழுசாக இருந்தது, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, தடித் தடியாக, எல்லாம் ஜப்பான் எழுத்தில். கடைப்பெண் ஒவ்வொன்றுக்கும் காகித அட்டை போட்டு மடித்துக் கொடுத்தாள். கூடவே ஜப்பான் மொழி கற்றுக்கொள்ள ஒரு புத்தகமும் வாங்கினேன். பாலத்தின் மேல் திரும்பி வரும்போது ஒரே சந்தோஷம். எழுத்துப் படித்து, அகராதி பார்த்து, இவ்வளவையும் முடிக்க எப்படியும் ரெண்டு வருஷம் ஆகும். அதற்குள் கிரீன் கார்டும் வந்துவிடும். இப்படி ஒரு திட்டத்தை என் மேனேஜர் என்னிடமிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் வலது பக்கமிருந்து பிரித்தாள். ஜப்பான் மொழிப் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. காலையில் நான் கிளம்பும்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பாள், சாயங்காலம் வரும்போதும் அங்கேயே. படித்தது ஒரு அடுக்கு, படிக்காதது ஒரு அடுக்கு. என் கண்ணெதிரே ஒன்று வளர்ந்து ஒன்று கரைந்தது. மாதம் ஒன்றாகக் கொடுத்திருக்கவேண்டும். மிச்சத்தைக் கார் டிக்கியில் போட்டுப் பூட்டியிருக்கவேண்டும். புத்தியுள்ள எந்தப் புருஷனும் அதைத்தான் செய்திருப்பான்.

வெள்ளிக்கிழமை வந்தபோது மேஜை துடைத்து வைத்திருந்தது.

"முடிஞ்சுதுங்க" என்றாள்.

"அவ்வளவுமா? ஒரு எழுத்துத் தெரியாம?"

"அவங்கதான் பேசறதே இல்லீங்களே."

"சரி, கடைசியில என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆகறதில்லீங்க. வௌவால் செத்துப்போயிருது. மத்த ரெண்டுக்கும் வயசாயிருது. ஆட்டுத்தலைக்குக் கண்ணு தெரியறதில்லை. அவ அங்கயே இருக்கறா."

"பார்த்தியா" என்றேன், கொஞ்சம் கிண்டலாகச் சொல்வது போல. "எவ்வளவு மோசமான புருஷனுங்க. அவ விட்டுட்டுப் போகலை பாரு."

அவள் அதை யோசித்தாள். என் பேச்சை அவள் யோசித்துப் பார்த்த தருணங்கள் குறைவு, அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

"அவளுக்கு அங்க வேலை இருக்குதுங்களே" என்றாள். "காலையில போறா, கொல்றா, வர்றா."

டிக்கெட் போட்டேன்.

பெட்டி எடை பார்க்க எங்களிடம் இருந்தது பாத்ரூம் எடை மெஷின்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி நிற்பேன், அவள் குனிந்து முள்ளைப் பார்த்து என் எடையைக் கழிப்பாள். கணக்கு ஒத்துவரவில்லை.

"இறங்குங்க. பெட்டிய வெச்சுட்டு நீங்க மட்டும் ஏறுங்க" என்றாள். ஏறினேன். "எளைச்சுட்டீங்க" என்றாள். "ராத்திரிக்கு ஒழுங்காச் சாப்பிடுங்க. தோசை மாவு எப்படி அரைக்கறதுன்னு சொல்லித் தந்துட்டுப் போறேன்."

"புக்கையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயேன்."

"இல்லீங்க, முடிச்சாச்சு."

அவள் போனதை எங்கள் கூட்டத்துக்கு விளக்கவேண்டி வந்தது. மனைவி தனியாக ஊருக்குப் போனால் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும், பிரசவம். "என்ன, விசேஷமா?" என்று ஒரு அங்கிள் தோளில் தட்டினார். "இல்லை அங்கிள், வேலைக்குப் போயிருக்கா" என்றேன். அறையே அதிர்ந்தது. நான் அந்த வீட்டில் சொன்ன எந்த ஜோக்குக்கும் அப்படிச் சிரித்ததில்லை. இன்னொரு தடவை சொல்லு என்று வேறு கேட்டார்கள். சொன்னேன்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு ஆன்ட்டி காரில் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குழந்தைகள் போட்டு முடித்த சின்னச் சின்னச் சட்டைகள், தொப்பி, கம்பளிக் காலுறை. எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். நான் என்ன சொன்னாலும் சிரிப்பார்கள். தேங்க்ஸ் ஆன்ட்டி என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊரில் திங்கள் காலை, போன் கார்டு போட்டு பட்டறைக்குக் கூப்பிட்டேன். பையைப் பற்றிச் சொல்லலாம், எனக்காக இல்லாவிட்டாலும் அந்த ஆன்ட்டிக்காகவாவது சிரிப்பாள் என்று நினைத்தேன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரையோ "டேய், அந்த வாளிய எடு" என்று அதட்டிவிட்டு என்னிடம் வந்தாள். ஒரு ஜெர்மன்காரன் ஒரு பச்சையைக் கேட்டிருக்கிறானாம். பாசிப்பச்சையும் இல்லை, கிளிப்பச்சையும் இல்லை. மூன்று தடவை அனுப்பியும் வேண்டாம் என்றுவிட்டானாம். லைட்டுக்குக் கீழே ஒன்றாகத் தெரிகிறது, வெளியே வெயிலில் கொண்டுபோனால் வேறாக நிற்கிறது என்றாள். மஞ்சளைக் குறைக்கலாம் என்று இருக்கிறாளாம். பிளசன்டனில் இருந்த வருஷங்களில் அவள் என்னிடம் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசினதில்லை. குறுக்கே ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சளைக் குறைத்த பிறகு அந்தப் பச்சை ஒத்துவந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் கார்டில் நிமிஷம் தீர்ந்துவிட்டது.