யார், யாரிடம், எப்போது

அட்டை கிழிந்த அந்த நாவலைத் துணிக்கடைப் பையில் சுற்றித்தான் கொண்டுபோவேன். காலையில் பட்டாபிராமில் ரயில் ஏறியதும் எடுப்பேன். பட்டரைவாக்கத்தில் இறங்கும்போது உள்ளே வைப்பேன். நடுவில் எத்தனை பக்கம் ஓடுமோ அத்தனை. ஆவடி வந்துவிட்டால் லேடீஸ் பெட்டியில் மூச்சுவிட இடம் இருக்காது, அதற்கு மேல் கத்தித்தான் படிக்க வேண்டும். ஆபரேட்டர் அக்கா என் பக்கத்தில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வருவார். பிறந்ததிலிருந்தே அவருக்குக் கண் தெரியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. அவர் டெலிபோன் போர்டில் இருந்தார், நான் பேக்கிங்கில். ஆளாளுக்குக் கையில் போன் வந்த பிறகு போர்டைக் கழற்றப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். டிகிரி இருந்தால் ஆபீசில் வேறு வேலை, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா தபாலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் பேப்பர் ஒன்று மட்டும் பாஸ் ஆகாமல் நின்றிருந்தது. அதில்தான் இந்த நாவல். பரீட்சையில் அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். ஆனால் எழுதுகிறவர் அவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். நான் ஒன்பதாவதோடு நின்றவள். "உன்ன விட்டா யாருடி பொருத்தம்?" என்றார். ஒன்பதாவதோடு நின்றதற்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

நாவலில் ஒரு மாமியார், ஒரு மருமகள், வீட்டைவிட்டுப் போய்விடும் ஒரு பிள்ளை. பரீட்சையில் அதிலிருந்து ஒரு வரியைக் கொடுத்து, இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக என்பார்கள். யார் சொன்னது, யாரிடம், எப்போது, ஏன் என்று எழுத வேண்டும். கதையின் மையக்கருத்து என்ன என்றும் கேட்பார்கள். எங்கள் பெட்டியில் அதற்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது. ஆவடியில் கூடையோடு ஏறும் பூக்கார அம்மா, உட்காருவதற்கு முன்னாலேயே விசாரிப்பார்.

"இன்னாடி, அந்தக் கெய்வி இன்னா பண்ணா இன்னிக்கு?"

"புள்ள ஊட்ட வுட்டுப் போய்ட்டான்மா."

"போவமாட்டானா? அவ வாய் அப்டி. மருமவதான் பாவம், கம்முனு கீறா."

அக்கா சிரிப்பார். "அப்ப கதையோட மையக்கருத்து என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

"இன்னா கருத்து? கெய்வி வாய மூட்னா கத முட்ஞ்சிடும், அதான் கருத்து."

"இத எழுதினா மார்க் வருமாடி?" என்று அக்கா என்னைக் கேட்பார். பெட்டியே சிரிக்கும். மாமியார் கெட்டவள், மருமகள் நல்லவள். அங்கே எல்லோருக்கும் அதுதான் முடிவு. அக்காவுக்கும் அப்படியே பதிந்துவிட்டது. திரும்பும்போது படிக்க மாட்டேன். ஷிப்ட் முழுக்க நின்ற கால் வலிக்கும், கண் எழுத்தில் நிற்காது.

பரீட்சை பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில். எங்களுக்குத் தனி அறை, மேற்பார்வைக்கு ஒரு சார். நான் கேள்வியைப் படிக்கலாம், சொன்னதை எழுதலாம். வேறு பேசக் கூடாது. அக்கா என் கைப்பக்கம் காதை வைத்துக்கொண்டார். தாளில் பேனா ஓடும் சத்தம் அடங்கியதும் அடுத்த வாக்கியத்தைச் சொல்வார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்த வரி வந்தது. ‘நான் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.’

"இது, மருமகள் மாமியாரிடம் சொன்னது" என்றார் அக்கா.

இல்லை. பிள்ளை போன மறுநாள், மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது அது. அந்தப் பக்கம் படித்த அன்று பெட்டியில் சரியான நெரிசல். பாதி கேட்டிருக்காது. நல்லபடியாக ஒரு வார்த்தை வந்தால் அது மருமகளுடையது என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

‘இது’ என்று எழுதினேன். அதற்குமேல் பேனா போகவில்லை.

அக்கா தலையைத் தூக்கினார். நடுவாக்கியத்தில் நின்ற பேனா அவருக்குக் கேட்டுவிட்டது. தப்பு என்று புரிந்திருக்கும். மாற்றிச் சொல்லியிருக்கலாம். கதையில் இருந்ததே நாலு பேர்தான், யோசித்தால் பிடிபட்டிருக்கும். ஜன்னல் பக்கம் நின்ற சாருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அக்கா மெதுவாகச் சொன்னார். "மருமகள்னுதான் சொன்னேன். எழுது." எழுதினேன்.

கொஞ்ச மார்க்கில் பாஸ் போய்விட்டது. அடுத்த பரீட்சை வரைக்கும் பார்க்கிறோம் என்றார்கள் கம்பெனியில். அதுதான் கடைசி என்றும் சொன்னார்கள். ரயிலில் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"இந்த வாட்டி மொதல்லேர்ந்து படிச்சிக் காட்டுறேங்கா."

"படி. எழுத நீ வேணாம்."

"ஏங்கா, தப்பா எழுதிட்டனா?"

"சொன்னதத்தான் எழுதின. உன் கை எனக்குத் தெரிஞ்சிபோச்சுடி. அது நின்னா எதுக்கு நிக்குதுன்னும் தெரியும். அப்புறம் பாஸ் பண்றது யாரு?"

மறுநாள் காலை ரயில் ஏறியதும் நாவலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

ஆறு மாதம் மறுபடியும் படித்தேன். இரண்டாம் முறை அக்கா வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பெண் ஒருத்தி எழுதினாள். நான் கூட்டிக்கொண்டு போய்க் கல்லூரி கேட்டுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

"ஒழுங்கா எழுதிச்சாக்கா அந்தப் பொண்ணு?"

"அது கை நிக்கவே இல்லடி. எது சொன்னாலும் ஒரே மாதிரி ஓடுது."

"அப்ப எல்லாம் கரெக்டா சொல்லிட்டியாக்கா?"

"தெரியல" என்றார். அவ்வளவு களைப்பிலும் அதைச் சொல்லும்போது முகம் லேசாக இருந்தது.

பாஸ் என்று தெரிந்த அன்று பேக்கிங்குக்கு வந்தார். மெஷின் சத்தத்துக்கு நடுவே என் பெயரைக் கூப்பிட்டு, கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டார். "நானே பாஸ் பண்ணிட்டேண்டி." எனக்கும் சந்தோஷம்தான். அவர் போன பிறகுதான் அந்த ‘நானே’ உறைத்தது. உறைத்தாலும், அது சரிதான்.

இப்போது அவர் மாடியில் ஆபீசில் இருக்கிறார். வேறு நேரம், வேறு ரயில். நான் ஆவடி தாண்டியதும் நின்றபடியே தூங்கிவிடுகிறேன். அன்று அந்த அறையில் பேனா தானாக நின்றதா, நான் நிறுத்தினேனா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அக்கா அதை மட்டும் என்னிடம் கேட்டதே இல்லை.