அம்மா பைண்டு செய்த வீரன்

கொதிக்கும் மைதாப் பசையின் வாடை ரூ பஜோல் தெருவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டை நிறைத்தால், அம்மா எதையோ "பைண்டு" போடுகிறாள் என்று பொருள். வார இதழ்களின் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைக்கும் புதுச்சேரிப் பழக்கத்தை அவள் பாரிசிலும் விடவில்லை. அன்று அவள் தைத்தது என் காமிக்ஸ். 1986 கோடை விடுமுறையின் முதல் நாள் என்றே நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாததற்கும் அவளே காரணம். வாங்கிய தேதியை நான் பென்சிலால் குறித்துவைத்த அட்டைகளையெல்லாம் குப்பையில் போட்டிருந்தாள்.

அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று புதுமைக்கென்றே தொடங்கிய சிறு பிரிவின் இதழ்கள் அவை. பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்டு வந்தன. அதுவரை நான் படித்த வீரர்கள் மாதந்தோறும் வென்று, அடுத்த மாதம் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பினார்கள். இவர்களோ தவறு செய்தார்கள், மூப்படைந்தார்கள், செத்தால் செத்ததுதான். போதாததற்கு, ஒருவர் இதழில் தொடங்கிய கதை இன்னொருவர் இதழுக்குள் நுழைந்து தொடர்ந்தது. இன்று திரையில் பறப்பவர்கள் எல்லாரும் அந்த வழியில்தான் பறக்கிறார்கள். இது அம்மாவுக்குத் தெரியாது.

பரீட்சை முடியும்வரை பூட்டிவைத்திருந்த இதழ்களிலிருந்து, எனக்குப் பிடித்த "சாம்பல் சட்டைக்கார"னை மட்டும் பிரித்துத் தைத்து, பரிசாக நீட்டினாள். ஒரு பக்கத்தில் அவன் எரியும் கூரையிலிருந்து "மஞ்சள் கையுறைக்காரி"யின் கையைப் பற்றித் தொங்கினான். அடுத்த பக்கத்தில் அவன் சவப்பெட்டி. அவள் கையை விட்டாளா, அவளைக் காப்பாற்ற அவனே விட்டானா? அது அவளுடைய இதழில் இருந்தது.

"அவ கதை வேற, இவன் கதை வேற. எதுக்குடி சேத்துத் தைக்கணும்?" என்றாள் அம்மா. கையுறைக்காரியின் இதழ்களை, பிரெஞ்சு பழகட்டும் என்று, மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த யாழ்ப்பாணத்துச் செல்வம் அண்ணைக்கு, போன வாரம் அவர் வீடு பார்க்க வந்தபோதே கொடுத்துவிட்டாளாம். படியேறி ஓடினேன்.

"ஓம் பிள்ளை, வாசிச்சனான். புத்தகம் பாரிசுக்கு வெளியாலை பொண்டியிலை, நான் முந்தி இருந்த அறையிலை விட்டிட்டன். அங்கை இப்ப வேறை ஆக்கள்."

"யார் அண்ணை கையை விட்டது?"

"ஆள் விழுந்தது தெரியும். ஆர் விட்டதெண்டு எழுதித்தான் கிடந்தது, எனக்குத்தான் பிரெஞ்சு விளங்கேல்லை."

இறங்கிவந்து அந்த இரண்டு பக்கங்களையும் மறுபடி புரட்டினேன்.

லா ஷாப்பெல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் நான் இதழ் வாங்கிய கடை இன்று கைப்பேசிக் கடை. அந்தப் பதிப்பகப் பிரிவையும் மூடிவிட்டார்கள். சென்ற ஆண்டு அதன் கதைகள் கெட்டி அட்டையோடு மறுபதிப்பாக வந்தபோது, "சாம்பல் சட்டைக்காரன்: முழுத் தொகுப்பு" என்பதை வாங்கிவந்து அம்மாவின் எதிரிலேயே பிரித்தேன். எரியும் கூரை, பற்றிய கை. அடுத்த பக்கத்தில் சவப்பெட்டி. அடியில் பொடி எழுத்தில்: இடையில் நடந்ததை மஞ்சள் கையுறைக்காரி தொகுப்பில் காண்க, விரைவில் வெளிவரும்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தின் முதுகைத் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தாள்.

"என்னுது இன்னும் பிரியல இல்ல?" என்றாள்.