தையல் நன்றாகத்தான் இருந்தது

என் தொழில் படகுகளுக்குப் பாய் தைப்பது. சுருட்டி மூலையில் சாத்தி வைக்கிற பாய் இல்லை. பாய்மரத்தில் ஏறிக் காற்றை வாங்குகிற துணி. அதை மேசைமேல் வைத்துத் தைக்க முடியாது. தரை முழுக்க விரித்து, தரையில் வெட்டிய குழிக்குள் உட்கார்ந்து, தரைமட்டத்தில் இருக்கும் தையல் மெஷினுக்குள் தள்ளித் தள்ளித் தைக்க வேண்டும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பழுதுக்கு வந்த பாய்களைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

அந்தக் குழியிலேயே பாதி ஆயுள் போனது. அங்கிருந்து பார்த்தால் வருகிறவர்களின் முழங்கால் வரைதான் தெரியும். கடைத்தெருவில் எதிரே வந்து சிரிப்பவர்களை யாரென்று தெரியாமல் விழிப்பேன். குனிந்து செருப்பைப் பார்த்தபிறகுதான் "ஓ, நீங்களா" என்பேன். எனக்கு நண்பர்கள் இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்வேன். என் மனைவி வேறு காரணம் சொல்வாள்.

அவள் தபால் நிலையக் கவுண்டரில் இருந்தவள். நாள் முழுக்க ஊரோடு பேசியவள். இருவரும் வேலையை விட்டபின், நான் ஒட்டுப்போட்டுத் தேற்றிய ஒரு பழைய படகில் கரையோரமாகவே துறைமுகம் துறைமுகமாகப் போகக் கிளம்பினோம். எப்போது திரும்புவது என்று முடிவு செய்யவில்லை. பாய் மட்டும் புதிது, நான் தைத்தது. ஒன்றையொன்று உரசுகிற மாதிரி மூன்று வரிசை நெருக்கத் தையல். அதுதான் என் கைவேலையின் உச்சம் என்று நினைத்திருந்தேன்.

படகில் ஊர் சுற்றுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே இடத்தில் நங்கூரம் போட்டவர்கள் சாயங்காலம் சின்னத் துடுப்புப் படகில் பக்கத்துப் படகுக்குப் போய், அதன் ஓரத்தைப் பிடித்தபடி நாலு வார்த்தை பேசுவார்கள். "மேல வாங்க" என்று கூப்பிட்டால் பழக்கமாகிவிட்டது என்று அர்த்தம். கூப்பிடாமல் ஏறக்கூடாது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

நானும் முறையாகத்தான் போனேன். என்ன பேசுவது என்று யோசித்து நிமிர்ந்தால் அவர்கள் மடித்துக் கட்டிய பாய் கண்ணில் படும். பாயில் குறை கண்ணில் படும். ஒருவரிடம் ஓரத்தையல் விடப்போகிறது என்றேன். இன்னொருவரிடம் துணியைக் கோணலாக வெட்டி ஏமாற்றியிருக்கிறார்கள் என்றேன். மனைவியோடு பச்சைப் படகில் வந்த ஒரு பல் டாக்டர், தன் பாய்க்குத் தானே ஒட்டுப் போட்டதைப் பெருமையாகக் காட்டினார். நாய் கடித்த தடம் மாதிரி இருக்கிறது என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள் நான் வேலை பிடிக்க வந்த ஆள் என்று நினைத்து, இப்போதைக்கு எதுவும் தைக்க வேண்டாம் என்று மரியாதையாக அனுப்பினார்கள். நாங்கள் அடுத்த இடம் போய்ச் சேருமுன் 'இன்ஸ்பெக்டர்' என்ற பெயர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. என் துடுப்புச் சத்தம் கேட்டால் ஆட்கள் உள்ளே போய்விடுவார்கள்.

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் மனைவி சொன்னாள்:

"ஏங்க, பேரைக் கேக்கறதுக்கு முன்னாடி குறை சொல்ற ஆள் நீங்க ஒருத்தர்தான். அடுத்த துறைமுகத்துல பஸ் இருக்காம். அங்கேயிருந்து கிளம்பறதுக்குள்ள யாராவது ஒருத்தர் நம்ம படகுல உக்காந்து ஒரு டீ குடிக்கணும். இல்லைன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்க பாயோட பேசிக்கிட்டே போங்க."

விளையாட்டில்லை. பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். என் சட்டை ஒன்றுகூட அதில் இல்லை. அவள் இறங்கிவிட்டால் இந்தப் படகும் இன்னொரு குழிதான். இது மிதக்கும், அவ்வளவே. இனி யார் பாயையும் பார்ப்பதில்லை, பழகிய வழக்கப்படி காலையே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அந்தத் துறைமுக வாயிலில், நல்ல வெயிலில், காற்று கொஞ்சம் பலத்தபோது என் பாய் கிழிந்தது. மேலிருந்து கீழே, அளவுகோல் வைத்த மாதிரி. எஞ்சின் வழக்கம்போல் இருமிவிட்டு அடங்கியது. படகு பக்கவாட்டில் அலைதடுப்புக் கற்களை நோக்கி நகர்ந்தது. உள்ளே நின்ற படகுகளில் பாதி நான் குறை சொன்னவை. எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். முதலில் துடுப்புப் போட்டு வந்தவர் பல் டாக்டர். பின்னாலேயே இன்னும் சிலர் வந்தார்கள். கயிறு கட்டி இழுத்து எங்களைத் துறைமேடையில் சேர்த்தார்கள்.

மேடையில் பாயை விரித்தோம். ஒரு நூல்கூட அறவில்லை. தையலை ஒட்டித் துணிதான் போயிருந்தது. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற பொறுமையோடு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் இருக்கு, இன்ஸ்பெக்டர். துணிதான் இல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை என் மனைவி காத்திருந்தாள். பிறகு உட்கார்ந்து துளை வரிசையை விரலால் தடவினாள்.

"எத்தனை வருஷம் தபால்தலை கிழிச்சுக் குடுத்திருக்கேன். இப்படி நெருக்கமா ஓட்டை போட்டு வச்சாதாங்க நேரா கிழியும்."

அதுதான் விஷயம். நெருங்கத் தைத்தால் உறுதி என்று நம்பி, துணியைச் சல்லடையாக்கியிருக்கிறேன். சொல்லித்தர ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே தலையில் குட்டியிருப்பார்.

காற்றில் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு ஓரத்தில் பாய்மேல் உட்கார்ந்தார்கள். நான் ஒரு பக்கம் ஒட்டுத்துணியைப் பிடித்துக் கைத்தையல் போட, டாக்டர் யாரையும் கேட்காமல் மறுபக்கம் தொடங்கினார். தளர்வாக, ஒன்று ஏறி ஒன்று இறங்கி. அதே நாய். என் கை தையல் பிரிக்கிற கொக்கியைத் தேடியது. என் மனைவி அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை.

முடித்ததும் ஆளாளுக்கு எழுந்து தூசி தட்டினார்கள். "மேல வாங்களேன், டீ குடிக்கலாம்" என்றேன். மற்றவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேனே தவிர, வழியெல்லாம் நான் ஒருவரையும் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வந்தார்கள். எங்களிடம் இருந்ததே இரண்டு டம்ளர். டாக்டர் ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் குடித்தார். துறைமேடைக்குப் பின்னால் பஸ் வந்து ஹார்ன் அடித்தது. என் மனைவி, கவுண்டருக்கு வந்த பார்சல் ஒன்றுக்குள்ளிருந்து கோழி கொக்கரித்த கதையை டாக்டரின் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் போனபின் பையிலிருந்து துணிகளை எடுத்துப் பழையபடி கொக்கிகளில் தொங்கவிட்டாள். தையல் பிரிக்கிற கொக்கியை என் கையில் கொடுத்தாள்.

"டாக்டர் தையலைப் பிரிச்சீங்கன்னா இறங்கிடுவேன்."

பிரிக்கவில்லை. அது இன்றுவரை விடவும் இல்லை. பாய் ஏறும்போது மட்டும் நான் திசைகாட்டியைப் பார்த்துக்கொள்வேன்.