ஏணி இல்லாத வண்டியில் வேப்பம்பட்டுக்கு

சில மாதங்களுக்கு முன்பு இந்தப் பத்திரிகையில் பயண வண்டிகளைப் பற்றி எழுதிய ஐயா வண்டியை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அதில் ஏறுகிறவர்களைப் பார்த்ததே இல்லை. படுத்துத் தூங்கிப் போக வண்டி வேண்டுமென்றால், நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டியை வாங்கிச் சீர்செய்ய வேண்டுமாம். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வேனில் கட்டில் போடுவது வீணாம், முதல் மழையிலேயே நின்றுவிடுமாம். அதை நம்பி நான் முழுசாக ஏமாந்திருப்பேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறேன். என் மனைவி வள்ளி பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊன்றுகோல் வைத்து நடப்பாள். பஸ் படி, ரயில் படி ஏற முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே வலி வந்துவிடும், படுக்க வேண்டும். வேப்பம்பட்டில் இருக்கிற அவள் அக்கா வீட்டுக்குக்கூட அதற்குப் பிறகு போகவில்லை. நூம்பலில் அப்பா விட்டுப்போன துண்டு நிலத்தை விற்றுத்தான் வண்டி வாங்க இறங்கினோம். வேப்பம்பட்டு போய்த் திரும்பிவிட்டால் அடுத்தது கன்னியாகுமரி என்று பேச்சு.

நசரத்பேட்டையில் பாடி கட்டுகிற தனபாலின் பட்டறையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, ராணுவ ஏலத்தில் வந்த பழைய வேன். நான்கு சக்கரமும் இழுக்கும். உள்ளே யாரோ முன்பே இரண்டு கட்டில் அடித்திருந்தார்கள். பிரேக்கும் ஒயரிங்கும் மாற்றினால் போதும். மற்றது, பிஸ்கட் ஏற்றிக்கொண்டிருந்த வேன். உள்ளே வெறும் தகரம். பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும்.

தனபால் ராணுவ வண்டியைத் தட்டிக் காட்டினான். "எந்தச் சேறானாலும் பூந்து பொறப்பட்டுரும், அண்ணாத்தே." நானும் அந்தக் கட்டுரையைச் சொல்லித் தலையாட்டினேன்.

வள்ளி ஏறிப் பார்க்க வந்தாள். நான்கு சக்கரத்தையும் இழுக்க அடியில் இருக்கிற சாமான்களுக்காகத் தூக்கிக் கட்டிய வண்டி அது. தளம் என் இடுப்பு உயரம். தனபால் மூன்று படி அடித்து மாட்டினான். இரண்டாவது படியில் நின்றவளுக்கு மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. நாங்கள் பிடித்து இறக்கினோம். இரண்டு ஆள் தூக்கினால் வேலை முடிந்தது என்றான் தனபால்.

"நா இன்னா அரிசி மூட்டையா? தூக்கினுதான் போவணும்னா ஊட்லயே கீறேன்" என்றாள் வள்ளி.

பிறகு அவளாகவே பிஸ்கட் வண்டிக்குப் போனாள். தளம் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. விளிம்பில் உட்கார்ந்தாள், ஊன்றுகோலை உள்ளே போட்டாள், காலை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து, இந்த வண்டிதான் என்று குரல் வந்தது. அதோடு முடிந்தது. கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, திரி ஸ்டவ், தண்ணீர் கேன், பக்கத்தில் ஒரு ஜன்னல், கதவருகே பிடித்துக்கொள்ள நான் கடைந்த ஒரு குழாய். இவ்வளவுதான் மாற்றியது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி, தூறல். அம்பத்தூர் ஓ.டி. தாண்டி, திருமுல்லைவாயல் தாண்டி, ஒன்பதுக்கு ஆவடி. டீ இருபது பைசா. டம்ளரை ஜன்னல் வழியாக வாங்கிய வள்ளி, "படுத்துகினு பாத்தா ஆவடிகூட நல்லாத்தான் கீது" என்றாள். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார்.

பத்தரைக்குத் திருநின்றவூர். மழை வலுத்தது. வேப்பம்பட்டுக்குள் திரும்பி அக்கா வீட்டுக்குப் போகிற மண் ரோட்டில், ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் தரைப்பாலத்தின் மேல் முழங்கால் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. கட்டுரை ஐயா சொன்னது பலித்துவிட்டதே என்று ஸ்டியரிங்கைக் குத்தினேன். திரும்பிவிடலாம் என்றேன்.

"ஊட்டையே எடுத்துகினு வந்துட்டு இன்னாயா அவசரம்? ஸ்டவ்வைப் பத்த வை."

பத்த வைத்தேன். உப்புமா ஆனது. சைக்கிளில் பால் கேனோடு நின்ற ஒருவரும், சந்தையிலிருந்து திரும்பிய இரண்டு பெண்களும் வண்டிக்குள் ஒதுங்கிச் சாப்பிட்டார்கள். ஒரு மணி சுமாருக்குப் பின்னால் ஆரன் சத்தம். தனபால், அதே ராணுவ வண்டியில். பக்கத்து ஊரில் வாங்கியவருக்கு ஒப்படைக்கப் போகிறானாம். எங்களைப் பார்த்ததும் அவன் முகத்தில் தீபாவளி.

"நான் சொன்னனா இல்லியா, அண்ணாத்தே? அண்ணியை இதுல ஏத்து. ரெண்டு நிமிசத்துல அந்தாண்ட உட்டுடறேன்."

வள்ளி ஜன்னலில் தலையை நீட்டி, "ஏணி கொண்டாந்தியா?" என்றாள்.

பால்காரருக்குப் புரையேறிவிட்டது. தனபாலும் சிரித்துக்கொண்டே தண்ணீரைக் கிழித்துப் போனான். அந்த வண்டி போகும், மறுக்கவில்லை. என் வண்டி அவ்வளவு தண்ணீரில் போகாது. ஆனால் படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டிக்குக் காத்திருக்கத் தெரியும். வள்ளி தூங்கினாள். நாலரைக்குத் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது. பால்காரர் முன்னால் நடந்து பாதை காட்ட, முதல் கியரிலேயே கடந்தேன்.

வாசலில் வண்டி நின்றதும் அவள் அக்கா அலறிக்கொண்டு தெருவில் இரண்டு ஆள்களைக் கூப்பிட்டாள், தங்கையைத் தூக்கி இறக்க. அவர்கள் வருவதற்குள் வள்ளி குழாயைப் பிடித்து இறங்கி, ஊன்றுகோலோடு மழையில் நின்றாள். யாரும் தொடவில்லை. மூன்று வருஷத்தில் அவள் தானாகப் போய்ச் சேர்ந்த முதல் ஊர் வேப்பம்பட்டு. மறுநாள் திரும்பும்போது கன்னியாகுமரிக்கு எத்தனை நாள் லீவு போடுவாய் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தையில் கிளம்புகிறோம்.

கட்டுரை எழுதிய ஐயாவுக்கு ஒரு கேள்வி. இழுவை சொன்னீர்கள், சேறு சொன்னீர்கள், மலை சொன்னீர்கள். தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு வரி ஏன் எழுதவில்லை? நடக்க முடியாதவர்கள் ஊர் பார்க்க வரமாட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். எழுதிய இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படி பதில் சொல்லுங்கள்.