பதினேழாம் எண் வீட்டுக்கு மூன்று முறை

எங்கள் ஆய்வு மையத்தில் கூட வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கு ‘ஏழாவது வீடு’ என்று பெயர். வைத்தவன் நான்தான். தெருவில் கண்ணில் பட்ட கதவையெல்லாம் தட்டிக் கேள்வி கேட்டால் அது ஆய்வு இல்லை, அரட்டை. முதல் வீட்டைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். அங்கிருந்து ஏழு ஏழாக எண்ணிப் போக வேண்டும். நமக்கு விழுந்த வீடு பூட்டியிருந்தால், பக்கத்து வீட்டில் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் நுழையக் கூடாது. வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு ‘பதில் இல்லை’ என்று எழுத வேண்டும். விதியை நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்தான். கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்.

ஒருமுறை வெயில் தாங்காமல், பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்த வீட்டில் படிவத்தை முடித்துக்கொண்டேன். மறுநாள் அந்தத் தெருப்பக்கம் போன அந்த அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். “வீட்டுல எப்பவும் இருக்கிறவங்களையே கேட்டுக்கிட்டிருந்தா, இந்த ஊர்ல வேலைக்குப் போறவங்களே இல்லன்னு ஆயிடும்” என்றார். அது உண்மை. அதனால் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகமானது.

இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான். இரண்டு நீலப் பேனா, ஒரு குடை, மார்போடு அணைத்த படிவப் பலகை. கேள்வியில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் படிப்பார். எந்தப் பதிலுக்கும் முகத்தில் சிரிப்போ வருத்தமோ வராது. முகத்தைப் பார்த்தே பதிலை மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. வீட்டில் அம்மா “சாப்பிட்டாச்சா” என்று கேட்பதே, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்பது மாதிரி இருக்கும் என்று அவருடைய மகள் சொல்வாள்.

அவருக்கு ஒரே தங்கை. இருவருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆறு வாரமும் தங்கைதான் கூடவே இருந்தாள். இவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வந்தார். ஒரு ஞாயிறு, வார்டுக்கு வெளியே, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்: “மாத்திரையை ஏன் நேரத்துக்குக் குடுக்கல?” கொடுத்தாளா என்று கேட்கவில்லை. கொடுக்கவில்லை என்று தானே முடிவுகட்டிவிட்டுக் காரணம் கேட்டார். ‘ஏன் ஓட்டுப் போடவில்லை என்று கேட்காதீர்கள், போட்டீர்களா என்று கேளுங்கள்’ என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பிலேயே சொல்கிறவர் இவர். அந்த வாரமே அப்பா போய்விட்டார். எல்லாம் முடிந்து வீடு திரும்பியதிலிருந்து தங்கை முகம் கொடுத்துப் பேசவில்லை.

தங்கையின் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறினால் போதும். இவரும் போகவில்லை. வருத்தம் இருந்தது, அதைவிட வீம்பு பெரிதாக இருந்தது.

போன வருஷம் எங்களுக்கு ஒரு ஆய்வு வந்தது. உடம்புக்கு முடியாமல் போனால் இந்த ஊரில் யாருக்கு யார் துணை என்று பார்க்க வேண்டும். தெருக்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். அவருக்குக் கொடுத்த தெருவுக்குச் சீட்டில் மூன்று வந்தது. மூன்று, பத்து, பதினேழு. பதினேழாம் எண் தங்கையின் வீடு.

உறவினர் வீடு விழுந்தால் வேறு ஆளிடம் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். வெளியாளிடம் சொல்கிற பதிலைச் சொந்தக்காரரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன். பட்டியலை இரண்டு முறை படித்தார், மடித்துப் பைக்குள் வைத்தார், வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதவைத் தட்ட அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதிலும் மூன்று முறைதான் தட்டலாம். நான்காவது முறை போனால் அது வேலைக்குப் போனதாகாது, அக்கா இறங்கி வந்ததாகிவிடும். அதற்கு அவருக்கு மனம் துணியவில்லை.

செவ்வாய் காலை பத்து மணிக்குப் போனபோது பூட்டு தொங்கியது. வியாழன் மதியம் பூட்டு இல்லை, ஆனால் யாரும் திறக்கவும் இல்லை. உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டதாம். ‘ஆள் இல்லை’ என்று எழுதக் கை வரவில்லை. ‘கதவு திறக்கவில்லை’ என்று எழுதிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கதவு திறந்தது. அதன் பிறகு நடந்ததை அக்காவும் எனக்குச் சொன்னார், பின்னொரு நாள் தங்கையும் தனியாகச் சொன்னாள். இரண்டும் ஒத்துப்போனதால் நம்புகிறேன். ஒருவர் வாய்ப்பேச்சை மட்டும் வைத்து நாங்கள் எதையும் நம்புவதில்லை.

வாசலிலேயே நின்று, அச்சடித்த அறிமுகத்தை முழுவதும் படித்தார். பதில் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதுவரை. தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு “கேளு” என்றாள்.

வயதைக் கேட்டதற்கு இரண்டு வருஷம் குறைத்துச் சொன்னாள். இவர் சொன்னபடியே எழுதினார். கடந்த ஓராண்டில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றீர்களா என்று படித்தார். கர்ப்பப்பையை எடுத்தார்கள், ஒன்பது நாள் படுத்திருந்தேன் என்றாள். துணைக்கு யார் இருந்தார்கள் என்று படித்தார். மூன்று நாள் பக்கத்து வீட்டம்மா, மீதி நாளெல்லாம் யாரும் இல்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகப் பேனா நின்றது. தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். சமாளித்துக்கொண்டு அடுத்ததைப் படித்தார்: கடந்த ஓராண்டில் உறவினர் யாராவது உங்களை நேரில் வந்து பார்த்தார்களா?

“இப்ப நீ வந்திருக்கியே, இதைச் சேத்துக்கலாமா?”

கையேட்டில் இதற்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. “முடியாது. இது வேலைக்கு வந்தது” என்றார். பிறகு படிவத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ‘உறவினர், செல்லாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பலகையைத் தரையில் வைத்தார்.

“அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

தங்கை ஒன்றும் உருகிவிடவில்லை. “வேற எப்படிக் கேட்டிருக்கணும்?”

“நீ தூங்கினியான்னு கேட்டிருக்கணும்.”

தங்கை எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே, நாளைக்கும் இந்த நேரத்துக்கு வீட்டில்தான் இருப்பேன் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை அக்காவே போய் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னார். புதியவர்களுக்கு வகுப்பெடுக்கும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், பொய் சொல்வானேன். பதினேழாம் எண் வீட்டை என் தலையில் கட்டினார்கள்.

பத்து நாள் கழித்துப் போனேன். தங்கைதான் கதவைத் திறந்தாள். அறிமுகத்தைப் படித்துவிட்டு, தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும் என்றேன். அவள் சமையலறைப் பக்கம் திரும்பி, “கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வா. தனியாத்தான் கேக்கணுமாம்” என்றாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளவே இல்லை.

நான் கேள்விகளைப் படித்தேன். வயதை மறுபடி இரண்டு வருஷம் குறைத்தாள். ஆஸ்பத்திரி, பக்கத்து வீட்டம்மா, யாருமில்லாத ஆறு நாள், எல்லாம் அப்படியே வந்தன. உறவினர் யாராவது நேரில் வந்து பார்த்தார்களா என்றேன்.

“வந்தாங்க.”

எத்தனை முறை என்றேன். விரல் விட்டு எண்ணி, “நாலு” என்றாள்.

அந்த நான்கு வருகையும் நாங்கள் கேள்வி கேட்கப் போனதால் வந்தவை. ஆய்வுக்கு அது ஆகாத பதில். மேற்பார்வையாளரிடம் சொல்லி அந்த வீட்டையே தள்ளியிருக்க வேண்டும். நான் கட்டத்தில் நான்கு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.