காலியாக விட்டிருக்க வேண்டிய இடம்

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, நாட்காட்டித் தாளைக் கிழித்துவிட்டு, விழுப்புரத்தில் ரயிலேறித் திண்டிவனத்தில் இறங்கினேன். அங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. எந்தக் காரியமும் அன்றன்றைக்கே முடிந்துவிட வேண்டும் எனக்கு.

எங்கள் கூடைப்பந்து மைதானச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த எல்லோருடைய பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். புத்தகம் பார்த்து விதிகளைக் கற்றுக்கொண்ட கணக்கு ஆசிரியர் முதல், மூன்றே மாதத்தில் துபாய் வேலைக்குப் போனவர் வரை விசாரித்து எழுதவைத்தவன் நான்தான். கடைசிப் பெயருக்கு நேராக ‘2014 –’ என்று மட்டும் இருந்தது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தைக் காட்டி, "இந்தக் காலி எடத்துலதான் சார் நான் குடியிருக்கேன்" என்று அந்தப் பெயருக்குரிய பயிற்சியாளர் சிரிப்பார்.

வரும் கல்வியாண்டில் அவருக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்க நிர்வாகம் முடிவு செய்திருந்தது. மறுநாள் விழுப்புரத்தில் இறுதிப் போட்டி. அது முடிந்தபின் தானே அவரிடம் சொல்வதாக முதல்வர் சொல்லியிருந்தார். எனக்கும் அது தெரியும்.

அன்று வகுப்பறை எண்கள் எழுத பெயின்டர் வந்திருந்தார். பலகைக்காக அவரை இன்னொரு முறை அழைப்பானேன் என்று, கோட்டுக்குப் பக்கத்தில் ‘2025’ போட்டு, கீழே புதியவரின் பெயரையும் எழுதச் சொன்னேன்.

"அவரு இன்னும் வந்துகினுதான சார் இருக்காரு?"

"எல்லாம் முடிவானதுதாம்பா. ஜல்தி முடி."

ஈரம் காய்ந்ததும் மேலே பேப்பர் ஒட்டி மறைத்துவிடலாம் என்பது என் கணக்கு. ஆனால் மறுநாள் இறுதிப் போட்டி என்பதால் அன்று பயிற்சியைப் பயிற்சியாளர் முன்கூட்டியே வைத்துவிட்டார். நான் பேப்பரும் பசையுமாகப் போனபோது, அவரும் பையன்களும் பலகை முன்னால் நின்றிருந்தார்கள்.

"இன்னா சார் இது?" என்று அணித்தலைவன் அவரைக் கேட்டான்.

அவர் என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். "குடியிருந்த எடத்த காலி பண்ணச் சொல்லிட்டாங்கடா. நல்லவேள, வாடக பாக்கி இல்ல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய நான், "மேலேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க சார்" என்றேன்.

அவர் பையன்கள் பக்கம் திரும்பினார். "நின்னுகினு இருந்தா எப்டிடா? பந்த எடுங்க." விசிலை வாயில் வைத்தார். முதல் தடவை சத்தம் வரவில்லை.

அன்று இரவு டைரியில் தேதிக்கு மேல் ஒரு வரியும் எழுத முடியவில்லை.

மறுநாள் எழுந்ததும் நாட்காட்டித் தாளைக்கூடக் கிழிக்காமல் விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் போய் நின்றேன். அவரைத் தலைகுனிய வைத்தது பையன்கள் முன்னால். மன்னிப்புக் கேட்பதும் அவர்கள் முன்னால்தான் என்று முடிவு செய்திருந்தேன். அணி இறங்கியதும், "தப்பு பண்ணிட்டேன் சார், மன்னிச்சிடுங்க" என்றேன்.

"மேட்ச் நேரத்துல பேஜாரு பண்ணாதீங்க சார். இந்தத் தண்ணி கேனப் புடிங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். மன்னித்ததாகச் சொல்லவில்லை, அதன் பிறகும் சொன்னதில்லை.

பலகையில் இன்று எல்லா ஆண்டுகளும் சரியாகத்தான் இருக்கின்றன. அதைக் கடக்கும்போது மட்டும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.